லக்சரின் கோயில்களும் கல்லறைகளும், நைல் நதியும் செங்கடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்துப் பயணத்தைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் கீசாவின் பிரமிடுகளிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் தொன்மையான எகிப்தை நெருங்கி நின்று காண லக்சர் நகருக்கு இணையான இடம் இல்லை. பழங்காலத்தில் தீப்ஸ் என்று கிரேக்கர்களால் அழைக்கப்பட்ட தலைநகரம் இதுவே. 1979ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. லக்சரையும் அதைச் சுற்றியுள்ள பொழுதுபோக்கு இடங்களையும் குறித்துப் பயணிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன.

கெய்ரோவிலிருந்து விமானத்தில் வந்து லக்சரை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

முடியும். விமானப் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் என்பதால் பல நிறுவனங்கள் அத்தகைய ஒருநாள் சுற்றுலாவை விற்கின்றன. ஆனாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காலை எட்டு மணிக்கு மன்னர்களின் பள்ளத்தாக்கு, பத்து மணிக்கு ஹட்செப்சுட் கோயில், உச்சி வெயிலில் கர்னாக் என்று ஓடும்போது, மூன்றாவது இடத்துக்கு வருவதற்குள் கண்ணும் மனமும் களைத்துப் போகின்றன; அதன் பிறகு எந்தச் சுவரில் எதைக் கண்டோம் என்பதே நினைவில் தங்குவதில்லை. குறைந்தது மூன்று முழு நாட்கள் ஒதுக்குங்கள். நான்கு நாட்கள் கிடைத்தால் மிக நன்று. காலைப் பொழுதில் ஒன்று அல்லது இரண்டு சின்னங்களை மட்டும் நிதானமாகப் பார்ப்பது, நண்பகலில் ஓய்வெடுப்பது, மாலையில் ஆற்றுக்கோ கடைத்தெருவுக்கோ போவது என்ற ஒழுங்கே இவ்வூருக்குப் பொருந்தும். நண்பகல் ஓய்வு வீணாகும் நேரமன்று. மறுநாள் காலை அடுத்த கல்லறைக்குள் நுழையும்போது சித்திரங்களைக் கூர்ந்து நோக்கும் தெம்பைத் தருவது அந்த ஓய்வுதான்.

இரவு இரயிலில் வருவோரும் உண்டு. பயணம் ஏறக்குறைய பத்து மணி நேரம் பிடிக்கும், தாமதமும் வழக்கம். எனவே வந்திறங்கும் நாளன்று பெரிய திட்டம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று பிரித்துச் சொல்கிறார்களே, எந்தக் கரையில் தங்குவது நல்லது?

நைல் நதி ஊரின் நடுவே தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. கர்னாக், லக்சர் கோயில், அருங்காட்சியகம், இரயில் நிலையம், விமான நிலையம், பெரிய உணவகங்கள் யாவும் கிழக்குக் கரையில் உள்ளன. மன்னர்களின் பள்ளத்தாக்கும் பிற கல்லறைத் தொகுதிகளும் மன்னர்களின் நினைவுக் கோயில்களும் மேற்குக் கரையில், பாலைவனக் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்திருக்கின்றன.

முதல்முறை வருபவர்களுக்கும் இரவில் நடமாட்டமுள்ள இடத்தை விரும்புவோருக்கும் கிழக்குக் கரை வசதியானது. அமைதியை விரும்புவோர், வயல்வெளியைப் பார்த்தபடி மொட்டை மாடியில் காலை உணவு உண்ண விரும்புவோர், மிதிவண்டியில் சுற்ற விரும்புவோர் ஆகியோர் மேற்குக் கரையிலுள்ள சிறு விடுதிகளைத் தேர்ந்தெடுக்கலாம். லக்சர் கோயிலுக்கு எதிரே உள்ள படித்துறையிலிருந்து உள்ளூர் மக்கள் பயன்படுத்தும் பயணிகள் படகு இரு கரைகளுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறது, கட்டணமும் சொற்பம். காரில் ஆற்றைக் கடக்க வேண்டுமானால் நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளியுள்ள பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். எனவே அக்கரைக்குப் படகில் சென்று, இறங்கியவுடன் அங்கேயே வாடகை வண்டி பேசிக்கொள்வது காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

எந்த மாதங்கள் ஏற்றவை?

அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். பள்ளத்தாக்கின் வெண்பாறைகள் அந்த வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகல் இதமாக இருந்தாலும் விடியற்காலையில் நல்ல குளிர் இருக்கும் என்பதால், பலூன் பயணத்துக்கும் கப்பலின் மேல்தளத்துக்கும் ஒரு கம்பளிச் சட்டை தேவைப்படும். ரமலான் மாதத்தில் சின்னங்கள் மூடப்படும் நேரம் முன்கூட்டியே வரக்கூடும். அதைக் கேட்டறிந்து திட்டமிடுங்கள்.

மன்னர்களின் பள்ளத்தாக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றனவாமே, அவற்றில் எவற்றைப் பார்ப்பது?

எல்லாம் திறந்திருப்பதில்லை. பாதுகாப்புக்காகச் சிலவற்றை மூடி, வேறு சிலவற்றைத் திறந்து, சுழற்சி முறையில் பராமரிக்கிறார்கள். பொதுச் சீட்டு ஒன்றுக்கு மூன்று கல்லறைகளுக்குள் செல்லலாம். முதலாம் சேத்தி, ஐந்தாம் ஆறாம் ராம்சேஸ், துட்டன்காமுன் ஆகியோரின் கல்லறைகளுக்குத் தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டும். வாயிலுக்குள் நுழைந்த பிறகு மனம் மாறினால் மீண்டும் சீட்டு விற்குமிடத்துக்கு நடக்க நேரிடும் என்பதால், முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பொதுச் சீட்டில் அடங்கும் கல்லறைகளில் மூன்றாம் ராம்சேஸின் கல்லறையை முதலில் வைப்பேன். நீண்ட நடையின் இருபுறமும் உள்ள சிற்றறைகளில், யாழ் மீட்டும் பார்வையற்ற இசைஞர்களும் படைக்கலங்களும் அப்பம் சுடுவோரும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். சிறிது தூரம் உள்ளே சென்றதும் பாதை திடீரென்று வலப்பக்கம் விலகி, பிறகு பழையபடி நேராகச் செல்வதைக் கவனியுங்கள். அந்த இடத்தில் பாறையைக் குடைந்துகொண்டு போன தொழிலாளர்கள், அருகிலிருந்த அமென்மெசே மன்னரின் பழைய கல்லறைக்குள் எதிர்பாராமல் துளையிட்டுவிட்டார்கள். அதனால்தான் பாதையை நகர்த்த வேண்டியதாயிற்று. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுமானக் களத்தில் நேர்ந்த இடர்ப்பாட்டை இன்றும் நடந்தே உணரலாம்.

நடை தளராதவர்கள் மூன்றாம் துட்மோசேயின் கல்லறை திறந்திருந்தால் தவறவிடக் கூடாது. பள்ளத்தாக்கின் கடைக்கோடியில், பாறைப் பிளவுக்குள் இரும்புப் படிக்கட்டில் ஏறி, பிறகு செங்குத்தாக உள்ளே இறங்க வேண்டும். அங்கே பொன்னும் நீலமுமான ஆடம்பர வண்ணங்கள் இல்லை. வெளிர்நிறச் சுவரில் கறுப்பிலும் சிவப்பிலும் மெல்லிய கோட்டுருவங்கள் மட்டுமே வரிசை வரிசையாகச் செல்கின்றன. பெரிய பாப்பிரஸ் சுருளொன்றை விரித்துச் சுவரில் ஒட்டியதைப் போன்ற தோற்றம். படி ஏற முடியாதவர்களுக்கு நான்காம் ராம்சேஸின் கல்லறை ஏற்றது. அகலமான, சற்றே சரிந்த நேர்நடை, வண்ணமும் நன்றாகத் தங்கியிருக்கிறது.

தனிச் சீட்டு வாங்கத் துணிவோருக்கு என் பரிந்துரை முதலாம் சேத்தியின் கல்லறை. கட்டணம் மிக அதிகம்தான். ஆனால் 137 மீட்டருக்குமேல் நீளும் அந்தக் குடைவில் சுவர்ச் சித்திரங்கள் வெறும் வண்ணப்பூச்சாக நில்லாமல், சுண்ணாம்புப் பாறையில் மெல்லப் புடைத்து எழுந்த சிற்பங்களாகவே இருக்கின்றன. ஓர் அறை பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது: முதலில் சிவப்பு மையில் வரைந்த உருவரையும் அதன்மேல் மூத்த ஓவியர் கறுப்பு மையில் இட்ட திருத்தமும் அப்படியே உள்ளன. தோள், முழங்கை, கால்விரல் என்று எங்கே கோடு நகர்த்தப்பட்டது என்பதை அருகில் நின்று பார்க்கலாம். உளிக்காரருக்குக் காத்திருந்த அந்தச் சுவரின் முன் நான் கால் மணி நேரம் செலவிடச் சொல்வேன்.

இக்கல்லறையை 1817இல் இத்தாலிய ஆய்வுப் பயணி ஜொவான்னி பெல்சோனி வெளிப்படுத்தினார். அதன்பின் வந்தவர்கள் ஈரத்தாள் ஒற்றி அச்செடுத்தபோது வண்ணம் பல இடங்களில் உரிந்து போயிற்று. மன்னரின் அலபாஸ்டர் கல் சவப்பெட்டி இப்போது இலண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விரல்பட்ட எண்ணெயும் மூச்சின் ஈரமும்கூட இச்சுவர்களைச் சிதைக்கும் என்பதால், எதையும் தொடாமல், குறுகிய இடங்களில் முதுகுப்பை சுவரில் உரசாமல் நடப்பது ஒவ்வொருவரின் கடமையாகும்.

துட்டன்காமுன் கல்லறைக்குத் தனியாகப் பணம் கட்டுவது தகுமா?

எதிர்பார்ப்பைப் பொறுத்தது. 1922 நவம்பர் 4 அன்று ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டரின் குழுவினர் முதல் படியைக் கண்ட இடம் என்ற வரலாற்றுச் சிறப்பும், அந்த இளம் மன்னரின் மம்மி இன்றும் அங்கேயே கிடத்தப்பட்டிருக்கிறது என்ற உண்மையும் பலரை ஈர்க்கின்றன. ஆனால் கல்லறை மிகச் சிறியது. சித்திரங்கள் ஓர் அறையில் மட்டுமே உள்ளன. பொன்முகமூடியும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிற பொருட்களும், 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட கீசாவின் பெரும் எகிப்திய அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. கலையழகை நாடி வருபவர் அதே பணத்தை ஐந்தாம் ஆறாம் ராம்சேஸின் கல்லறைக்குக் கொடுக்கலாம். விண்ணின் தேவியான நூத் தன் நெடிய உடலை வளைத்து இரவையும் பகலையும் தாங்கும் விதானச் சித்திரம் அங்கே இருக்கிறது. மேற்குக் கரையில் கார்ட்டர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது. அதன் அருகே துட்டன்காமுன் கல்லறையின் துல்லியமான நகல் 2014இல் திறக்கப்பட்டது. கூட்டமின்றிச் சித்திரங்களை அணுகிப் பார்க்க அந்த நகலே வசதியானது.

கர்னாக்கில் எவ்வளவு நேரம் செலவிட வேண்டும்? எதைத் தேடிப் பார்க்க வேண்டும்?

மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பல நூற்றாண்டுகளாக மன்னர் பலர் கூட்டியும் இடித்தும் மாற்றியும் கட்டிய வளாகம் இது. ஒரே பார்வையில் பிடிபடாது. காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே சென்றுவிட்டால், சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குமுன் பெருந்தூண் மண்டபத்தை ஏறக்குறைய தனிமையில் காணலாம். முதலாம் சேத்தியும் இரண்டாம் ராம்சேஸும் எழுப்பிய அம்மண்டபத்தில் 134 தூண்கள் உள்ளன. நடுவிலுள்ள பன்னிரண்டு தூண்களும் ஏறக்குறைய 21 மீட்டர் உயரமுடையவை. அண்ணாந்து பார்த்தால், உத்திரங்களின் அடிப்பக்கத்தில் வெயில் படாத இடங்களில் நீலமும் பச்சையும் செம்மண் நிறமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அண்மை ஆண்டுகளில் தூண்களின்மேல் படிந்திருந்த அழுக்கை நீக்கும் பணியால் அவ்வண்ணங்கள் இன்னும் துலக்கமாகியுள்ளன.

பெரும்பாலோர் நிற்காமல் கடந்து செல்லும் இடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். முதல் நுழைவுக் கோபுரத்தைத் தாண்டி முற்றத்துக்குள் வந்தவுடன், வலப்பக்கம் திரும்பி அக்கோபுரத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பச்சைச் செங்கல்லால் அமைந்த சரிவு மேடையொன்றின் எச்சம் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. கற்களை மேலேற்றக் கட்டிய சாரமேடை அது, கி.மு. நான்காம் நூற்றாண்டில் தொடங்கிய கோபுரப் பணி முற்றுப்பெறாததால் மேடையும் அகற்றப்படாமல் நின்றுவிட்டது. பக்கத்திலுள்ள தூண் வரிசையில் ஒரு தூண் இன்னும் வட்டமாகச் செதுக்கப்படாமல், கரடுமுரடான கற்பாளங்களின் அடுக்காகவே இருக்கிறது. இவற்றை எப்படிக் கட்டினார்கள் என்று கேட்பவர்களுக்கு விடையின் ஒரு பகுதியை அக்காலத் தொழிலாளர்களே விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

ஹட்செப்சுட் அரசி நிறுத்திய, ஏறக்குறைய 30 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக்கல் ஒபெலிஸ்க் (உச்சி கூம்பிய நாற்பட்டைத் தூண்) இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. புனிதக் குளத்தருகே மூன்றாம் அமென்ஹோதெப் காலத்துக் கல்வண்டைச் சுற்றி வந்தால் வேண்டியது நடக்கும் என்று வழிகாட்டிகள் கூறுவார்கள். அது பயணிகளுக்காகப் பிற்காலத்தில் எழுந்த வழக்கமேயன்றிப் பழங்காலச் சடங்கன்று. வளாகத்துக்குள்ளேயே உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் முதலாம் சென்வோஸ்ரெத்தின் வெண்கோயில் மீட்டுக் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே செதுக்கப்பட்ட எழுத்துகளில் பறவைகளின் இறகுகளைக்கூட எண்ணலாம்.

லக்சர் கோயிலை இரவில் பார்ப்பது நல்லது என்கிறார்களே?

ஆம். சூரியன் சாயும் நேரத்தில் உள்ளே சென்று, விளக்குகள் ஏற்றிய பின் வெளியே வாருங்கள். பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியில் குழிவாகச் செதுக்கிய சிற்பங்கள் நிழல் பெற்று, பகலைவிடத் தெளிவாகத் தெரிகின்றன. வாயிலில் ஒரேயோர் ஒபெலிஸ்க் நிற்கிறது. அதன் இணை 1836 முதல் பாரிஸ் நகரின் கோன்கோர்து சதுக்கத்தில் உள்ளது. உள்முற்றத்தில், தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், படியே இல்லாமல் அந்தரத்தில் ஒரு கதவைக் காண்பீர்கள். அபூ ஹக்காக் பள்ளிவாசலின் பழைய வாயில் அது. கோயில் மண்ணால் மூடுண்டு அதன்மேல் ஊர் வளர்ந்திருந்த காலத்தில் தெருமட்டம் அந்த உயரத்தில் இருந்தது. அகழ்ந்து மண்ணை அகற்றிய பிறகு கதவு மேலே நின்றுவிட்டது. பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடைபெறுகிறது. பழைய சந்நிதிகளில் ஒன்றில் உரோமர் காலச் சுண்ணச் சுவரோவியங்களும் இருக்கின்றன. ஓரிடத்தில் வழிபாடு இத்தனை நூற்றாண்டுகள் கைமாறி நடந்ததைக் காண்பது எனக்குக் கர்னாக்கின் பிரம்மாண்டத்தைவிட மனத்தை நெகிழ்விப்பது.

கர்னாக்கையும் இக்கோயிலையும் இணைக்கும் 2.7 கிலோமீட்டர் ஸ்பிங்க்ஸ் சாலை (இருபுறமும் சிங்க உடல் கொண்ட சிலைகள் வரிசையாக நின்ற பாதை) 2021 நவம்பரில் திறக்கப்பட்டது. மாலையில் அதில் சிறிது தூரம் நடக்கலாம். முழுதும் நடக்க வேண்டிய கட்டாயமில்லை, நடுப்பகுதியில் பல பீடங்கள் வெறுமையாகவே உள்ளன.

மேற்குக் கரையில் பள்ளத்தாக்கைத் தவிர வேறு எதைப் பார்க்கலாம்?

ஹட்செப்சுட்டின் மூன்றடுக்குக் கோயில் படங்களில் எல்லோரும் கண்டது. வெளித்தோற்றத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பாமல், நடு அடுக்கின் தென்பகுதிக்குச் செல்லுங்கள். புன்த் என்ற தொலைநாட்டுக்கு அரசி அனுப்பிய கடற்பயணம் அங்கே செதுக்கப்பட்டுள்ளது: வேரோடு கூடைகளில் ஏற்றப்படும் நறும்பிசின் மரங்கள், கப்பல்களின் பாய்மரக் கயிறுகள், அவற்றுக்குக் கீழே நீர்க்கோடுகளுக்கு இடையில் நீந்தும் மீன்கள். அம்மீன்கள் கற்பனையல்ல; பல செங்கடல் இனங்களென இன்றைய அறிஞர்கள் அடையாளம் காணுமளவுக்குத் துல்லியமானவை.

மூன்றாம் ராம்சேஸின் மெதினெத் ஹாபு கோயில் என் பார்வையில் மேற்குக் கரையின் மிகச் சிறந்த கோயில். கூட்டம் குறைவு. எழுத்துகள் விரல் நீளத்துக்கு ஆழமாக வெட்டப்பட்டிருப்பதால் புறாக்கள் அவற்றுக்குள் அமர்ந்திருக்கும். வடபுற வெளிச்சுவரில், கடல்வழியே படையெடுத்து வந்த கடலோடி மக்களுடன் நடந்த போரின் நெரிசல் காட்டப்பட்டிருக்கிறது.

தேர் எல் மெதினா என்ற சிற்றூரின் இடிபாடுகளுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களும் ஓவியர்களும் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் இது. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கூலியாகத் தரவேண்டிய தானியம் தாமதமானதால் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களுக்கு அருகே சென்று அமர்ந்தார்கள். எழுத்தில் பதிவாகியுள்ள மிகப் பழைய வேலைநிறுத்தமாக அது கருதப்படுகிறது. பகலெல்லாம் மன்னருக்காக உழைத்தவர்கள் ஓய்வுநாட்களில் தங்களுக்கும் கல்லறை தீட்டிக்கொண்டார்கள். சென்னெஜெம் என்பவரின் சிறிய அறைக்குள் குனிந்து இறங்கினால், அவரும் மனைவியும் வெள்ளை ஆடையுடன் மறுவுலக வயலில் ஏர் உழுவதையும் கதிர் அறுப்பதையும் காணலாம். கீழே கனி தொங்கும் மரங்களின் வரிசை. வண்ணம் நேற்றுப் பூசியதைப் போலிருக்கிறது.

மெம்னோனின் பெருஞ்சிலைகள் சாலையோரத்திலேயே இருப்பதால் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், சீட்டும் தேவையில்லை. அரசிகளின் பள்ளத்தாக்கிலுள்ள நெஃபெர்தாரியின் கல்லறை ஒப்பற்றது, எனினும் பராமரிப்புக்காக மூடிவைக்கப்படும் காலங்கள் உண்டு. திறந்திருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

வெப்பக்காற்றுப் பலூனில் பறப்பது பாதுகாப்பானதா?

விடியலில் மேற்குக் கரை வயல்களிலிருந்து பலூன்கள் எழுகின்றன. ஒருபக்கம் ஆறும் கரும்புத் தோட்டங்களும், மறுபக்கம் ஒரு புல்கூட இல்லாத பாலைவனக் குன்றும், இரண்டையும் பிரிக்கும் கூர்மையான எல்லைக்கோடும் மேலிருந்து பார்க்கும்போதுதான் புரியும். கோயில்கள் ஏன் அந்த எல்லையோரமாக அமைந்தன என்பதும் அப்போது விளங்கும்: விளைநிலத்தையும் வெள்ளத்தையும் விட்டு விலகி, ஆனால் கால்வாய் எட்டும் தொலைவில்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 2013 பிப்ரவரியில் ஒரு பலூன் தீப்பற்றி விழுந்து 19 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு கட்டுப்பாடுகள் கடுமையாக்கப்பட்டன. காற்று சரியில்லை என்றால் பயணம் நிறுத்தப்படும். அப்படி நிறுத்தப்படும்போது வற்புறுத்தாதீர்கள், மறுநாள் வாய்ப்பு இருக்கும்படி பலூன் பயணத்தைத் தங்கும் நாட்களின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த விலை சொல்பவரைத் தேட வேண்டிய இடம் இதுவன்று. கருவுற்றவர்களும் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் தவிர்க்க வேண்டும். இறங்கும்போது கூடை நிலத்தில் வலுவாக மோதக்கூடும்.

ஆற்றில் என்னென்ன செய்யலாம்? சொகுசுக் கப்பல் பயணம் தேவையா?

மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு பெலூக்கா பாய்மரப் படகை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பதே லக்சரில் கிடைக்கும் மிக எளிய, மிக நிறைவான பொழுதுபோக்கு. இயந்திர ஓசை இல்லை. காற்று நின்றுவிட்டால் படகும் நின்றுவிடும், அதையும் பயணத்தின் பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பலர் தெற்கே வாழைத்தீவு எனப்படும் இடத்துக்குப் போய் வாழைப்பழமும் தேநீரும் உண்டு திரும்புகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு வாழைத்தோப்பில் புதுமை இருக்காது. அந்நேரத்தையும் ஆற்றிலேயே கழிக்கலாம்.

லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையிலான கப்பல் பயணம் மூன்று அல்லது நான்கு இரவுகள் நீடிக்கும். வழியில் எத்ஃபூவில் வல்லூறுத் தெய்வமான ஹோரஸின் கோயிலும், கோம் ஓம்போவில் முதலைத் தெய்வமான சோபெக்குக்கும் மூத்த ஹோரஸுக்கும் உரிய இரட்டைக் கோயிலும் உள்ளன. கி.மு. 237இல் தொடங்கிய எத்ஃபூ கோயில் எகிப்திலேயே மிகக் குறைவாகச் சிதைந்த கோயில்களுள் ஒன்று. மேற்கூரையோடு நிற்பதால், முற்றத்தின் வெளிச்சத்திலிருந்து கருவறையின் இருளுக்கு அடி அடியாகச் செல்லும் அனுபவம் அங்கே முழுமையாகக் கிடைக்கும். நீர்மட்டத்தை ஏற்றியிறக்கிக் கப்பல்களைக் கடத்திவிடும் எஸ்னா நீர்வாயிலில் கப்பல் காத்திருக்கும்போது, சிறு படகுகளில் வரும் வியாபாரிகள் துணிப் பொதிகளை மேல்தளத்துக்கு வீசியெறிந்து விலை பேசுவார்கள். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும் காட்சி அது. மூத்தோருடன் பயணம் செய்வோருக்குக் கப்பல் மிகவும் ஏற்றது, நாள்தோறும் பெட்டி கட்ட வேண்டியதில்லை. அஸ்வானில் இறங்கியபின் ஃபீலே கோயிலையும், 1964 முதல் 1968 வரை பாளம் பாளமாக அறுத்து உயரமான இடத்துக்கு மாற்றி நிறுவப்பட்ட அபு சிம்பெல் கோயில்களையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் வருகிறோம். எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

பெற்றோருக்கு மூட்டுவலி இருந்தால் மூன்றாம் துட்மோசே, மெரென்ப்தா ஆகியோரின் கல்லறைகளையும், தேர் எல் மெதினாவின் சிற்றறைகளையும் தவிர்த்துவிடுங்கள். பள்ளத்தாக்கின் வாயிலிலிருந்து சிறு மின்வண்டி செல்கிறது. கர்னாக்கும் லக்சர் கோயிலும் பெரும்பாலும் சமதளமானவை. குழந்தைகள் சித்திரச் சுவர்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள்; அவர்களுக்கு, ஆற்றோரத்திலுள்ள மம்மியாக்க அருங்காட்சியகமும் அங்கிருக்கும் விலங்கு மம்மிகளும், பெலூக்காவும், நீச்சல் குளமுள்ள விடுதியும் போதும். குதிரை வண்டிகளில் நலிந்து காயப்பட்ட குதிரைகளைக் கண்டால் ஏறாதீர்கள். நன்றாகப் பேணப்படும் குதிரையுள்ள வண்டிக்காரருக்கே நம் பணம் போக வேண்டும்.

சைவ உணவு கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை ஆகியவற்றின்மேல் தக்காளிக் குழம்பும் மொறுமொறுப்பான வெங்காயமும் சேர்த்துத் தரும் கோஷரி வயிற்றை நிறைக்கும். மொச்சையைப் போன்ற பெரிய அவரை விதையை வேகவைத்து மசித்த ஃபூல், அதையே அரைத்து வடையாகப் பொரித்த தாமியா, கோதுமை ரொட்டி ஆகியவை காலை உணவுக்குப் போதுமானவை. மொலோகியா என்ற கீரைக் குழம்பு பெரும்பாலும் கோழிச் சாற்றில் சமைக்கப்படுவதால் கேட்டுவிட்டு உண்ணுங்கள். தெருவோரக் கரும்புச் சாறும் செம்பருத்தி வகைப் பூவிலிருந்து இறக்கும் கர்க்கதே பானமும் வெயிலுக்கு இதமானவை. குடிநீரைப் பாட்டிலில் வாங்குவதே நல்லது.

வியாபாரிகளின் தொல்லை, அன்பளிப்புப் பணமான பக்‌ஷீஷ், பாதுகாப்பு ஆகியவை பற்றிச் சொல்லுங்கள்.

லக்சரின் பொருளாதாரம் பெரிதும் பயணிகளையே சார்ந்திருக்கிறது என்பதை மனத்தில் கொண்டால், அழைப்புகளை எரிச்சலின்றி மறுக்க முடியும். வேண்டாம் என்பதற்கு "லா, ஷுக்ரன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள். வண்டி, படகு, வழிகாட்டி எதுவாயினும் விலையையும் நேரத்தையும், அது ஒருவருக்கா எல்லோருக்குமா என்பதையும் ஏறுவதற்குமுன் பேசி முடியுங்கள். கல்லறைக்குள் காவலர் ஒருவர் தாமாகவே விளக்கைக் காட்டி விளக்கமளித்தால் பக்‌ஷீஷ் எதிர்பார்ப்பார். தடுப்புக் கயிற்றைத் தாண்டி அழைத்துச் செல்வதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெரிய தலங்களில் நுழைவுச்சீட்டுக்கு வங்கி அட்டைதான் ஏற்கப்படுகிறது, சிறு செலவுகளுக்கோ சில்லறை நோட்டுகள் தேவை. கைப்பேசியில் மின்னொளியின்றிப் படமெடுக்கத் தடையில்லை. முக்காலிக்கு அனுமதி வேண்டும்.

1997 நவம்பரில் ஹட்செப்சுட் கோயிலில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் 62 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னர் சின்னங்களைச் சுற்றியும் நெடுஞ்சாலைகளிலும் காவல் பலப்படுத்தப்பட்டுள்ளது. சோதனைச் சாவடிகளில் காட்டக் கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

லக்சரிலிருந்து ஒரு நாள் வெளியூர் போக நேரமிருந்தால்?

வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் உள்ள தெந்தெரா. ஹாத்தோர் தேவியின் கோயில் விதானத்தில் படிந்திருந்த கரியைப் பல ஆண்டுகள் பாடுபட்டுத் துடைத்தபோது, அடியிலிருந்த வான்நீலம் வெளிப்பட்டது. மாடியிலுள்ள இராசி மண்டலம் நகல்; மூலம் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. விடியற்காலையில் புறப்படுவோர் அபிதோஸையும் சேர்த்துக்கொள்ளலாம். 76 மன்னர்களின் பெயர்களை வரிசையாகச் செதுக்கிய சுவர் அங்குதான் இருக்கிறது.

செங்கடல் கரைக்குப் போவதாக இருந்தால் எங்கே, எப்படி?

ஹுர்காதாவுக்குச் சாலை வழியாக ஏறக்குறைய நான்கு மணி நேரம். கிஃப்தூன் தீவுப் பக்கம் படகில் சென்று முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீரில் முகம் கவிழ்த்தாலே பவளப்பாறையும் வண்ண மீன்களும் தெரியும். புன்த் சிற்பங்களின் மீன்களை முதலில் பார்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு இக்கடல் இருமடங்கு சுவைக்கும். பவளத்தின்மேல் நிற்கவோ அதை உடைக்கவோ கூடாது. அது கல்லன்று, உயிரினம்.

தமிழ் வாசகர்களுக்கு, ஹுர்காதாவுக்குத் தெற்கே உள்ள குசேர் என்ற சிறு துறைமுக ஊரையும் சொல்ல வேண்டும். ஊருக்கு வடக்கே சுமார் 8 கிலோமீட்டரில் உரோமர் காலத்து மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகம் இருந்தது. அங்கே அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டிருந்தன. இன்னும் தெற்கே பெரெனிகே துறைமுகத்தில் இந்தியத் தாழியொன்றுக்குள் ஏழரைக் கிலோவுக்குமேல் மிளகு கிடைத்தது. முசிறித் துறையிலிருந்து வந்த சரக்கு செங்கடல் கரையில் இறக்கப்பட்டு, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, லக்சருக்கு வடக்கேயுள்ள கோப்தோஸ் நகரில் நைல் படகுகளுக்கு மாறிற்று. லக்சரிலிருந்து இந்தக் கரைக்கு நீங்கள் வரும் திசைக்கு எதிர்த்திசையில் அம்மிளகு பயணம் செய்தது. மியோஸ் ஹோர்மோஸில் இன்று தாழ்ந்த மணல்மேடுகள்தாம் மிஞ்சியுள்ளன. கட்டடங்களை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

சின்னங்களை முதலில் வைப்பதா, கடலை முதலில் வைப்பதா?

சின்னங்களை முதலில் வைத்து, கடலைக் கடைசியில் வையுங்கள். தூசியும் நடையும் முடிந்த உடலுக்கு நீர் நல்லது. காற்றுக்குடுவையுடன் ஆழ்கடலில் மூழ்கும் திட்டம் இருந்தால் மட்டும் ஒரு விதியை மறவாதீர்கள். கடைசியாக மூழ்கி எழுந்ததற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே ஒரு முழு நாள் இடைவெளி விட வேண்டும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறாமல் உயரே சென்றால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மலைத்தொடரைக் கடக்கும் லக்சர் சாலைக்கும் பலூன் பயணத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆகவே கடைசி நாளை முகமூடி நீச்சலுக்கோ மணற்கரைக்கோ மட்டும் ஒதுக்கிவிட்டு, மூழ்குவதை அதற்கு முந்தைய நாளோடு முடித்துக்கொள்ளுங்கள்.